எட்டு வாரத்தில் ஆறாத காயம்

2021 மே மாதம் வெளியான ஒரு டெலிவிஷன் தொடரில் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி கண்களை மூடி உட்கார்ந்திருக்கிறார். கைகளை மார்பின் குறுக்கே மடித்து, இரு தோள்களையும் மாறி மாறித் தட்டிக்கொள்கிறார். லண்டனுக்கு விமானத்தில் வரும்போதெல்லாம் தொற்றிக்கொள்ளும் பதற்றத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சிகிச்சை அது. தாய் டயானா 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் கார் விபத்தில் இறந்தபோது ஹாரிக்கு வயது 12. கேமரா முன் சிகிச்சை எடுத்துக்கொள்வது நல்ல யோசனைதானா என்பது வேறு விஷயம். இ.எம்.டி.ஆர். என்ற நான்கு எழுத்துக்கள் மனநல நிபுணர்களின் வட்டாரத்தைத் தாண்டிப் பரவியதில் அந்தக் காட்சிக்கும் பங்கு உண்டு.

கண் அசைவு சிகிச்சை என்று சொன்னால் போதும். இதைத் தொடங்கியவர் பிரான்சின் ஷப்பிரோ. இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர், புற்றுநோய் வந்த பிறகு உளவியல் பக்கம் திரும்பினார். 1987ல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை அரித்துக்கொண்டிருந்த எண்ணங்கள் திடீரென வலுவிழந்ததைக் கவனித்தார். அப்போது தன் கண்கள் இங்குமங்கும் வேகமாக அசைந்ததாக அவருக்குத் தோன்றியது. 1989ல் 22 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களும் அதில் இருந்தார்கள். ஒரே அமர்வில் அவர்களுடைய வேதனை பெருமளவு குறைந்ததாக அறிக்கை சொன்னது. கேட்டவர்கள் புருவத்தை உயர்த்தியதில் ஆச்சரியமில்லை.

சிகிச்சை அறையில் நடப்பது எளிமையாகத்தான் தெரியும். வாட்டும் நினைவின் மிக மோசமான காட்சியை மனதில் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணம் எது (‘நான் யாருக்கும் வேண்டாதவள்’), உடலில் எந்த இடத்தில் அது உறுத்துகிறது, பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டால் வேதனை எவ்வளவு என்று கேட்கிறார்கள். பிறகு சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமுமாக அசைய, கண்கள் அதைத் தொடர்கின்றன. அரை நிமிடம் போனதும் ஒரு நிறுத்தம். “இப்போது மனதில் என்ன வருகிறது?” மீண்டும் விரல். கதையை விலாவாரியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வாய் திறந்து சொல்ல முடியாத அவமானத்தைச் சுமப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

விரலுக்குப் பதில் காதில் மாறி மாறி ஒலிக்கும் ஓசையோ தட்டலோ கூட இருக்கலாம். ஹாரி செய்த தட்டலுக்கு ‘வண்ணத்துப்பூச்சி அணைப்பு’ என்று பெயர். 1997ல் மெக்ஸிகோவின் அகபுல்கோ நகரைப் பாலின் சூறாவளி புரட்டிப்போட்ட பிறகு, உயிர் பிழைத்த குழந்தைகளோடு வேலை செய்தபோது உருவானது அது. ஆளுக்கு ஒரு நிபுணர் கிடைக்காத இடத்தில், குழந்தைகள் கூட்டமாக உட்கார்ந்து படம் வரைந்தார்கள். தங்கள் தோளைத் தாங்களே தட்டிக்கொண்டார்கள்.

விரலுக்கு என்ன சக்தி என்பதில்தான் முப்பது வருடச் சண்டை. ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்நலி 1999ல் இதை 18ஆம் நூற்றாண்டின் மெஸ்மரிஸத்தோடு ஒப்பிட்டார். பயந்த நினைவை எதிர்கொள்ள வைக்கும் பழைய வைத்தியம்தான் வேலை செய்கிறது, விரல் வெறும் அலங்காரம் என்பது அவர் கட்சி. 2001ல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் கண் அசைவால் கூடுதல் பலன் இல்லை என்றது. 2013ல் வந்த இன்னொன்று உண்டு என்றது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தரும் விளக்கம் நம்பும்படி இருக்கிறது: ஒரே நேரத்தில் நினைவையும் பிடித்துக்கொண்டு விரலையும் தொடர்வது மூளைக்குச் சுமை. அந்த இழுபறியில் நினைவின் சாயம் வெளுக்கிறது. எப்படியானாலும், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன பாதிப்புக்கு இந்தச் சிகிச்சையைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2013ல் பரிந்துரைத்துவிட்டது. பிரிட்டனின் 2018 வழிகாட்டி நெறிகள் சற்று ஜாக்கிரதை: குழந்தைகளுக்கு முதலில் பேச்சு வழி நடத்தை சிகிச்சை, அது பயன்படாவிட்டால்தான் இது.

ஆக, இது மோசடி அல்ல. ஆனால் விளம்பரத்தில் வரும் ‘சில அமர்வுகளில் குழந்தைப் பருவக் காயம் ஆறும்’ என்ற வாக்குறுதி விஷயத்தில் நிதானம் தேவை. பாஸ்டனின் பெஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 2007ல் வெளியிட்ட ஆய்வில் 88 பேர். சிலருக்குக் கண் அசைவு சிகிச்சை, சிலருக்கு ப்ரோஸாக் மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை, எட்டு வாரம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கண் அசைவு சிகிச்சை பெற்றவர்களில், வளர்ந்த பிறகு அதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் 75 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அநேகமாக மறைந்திருந்தன. சிறு வயதில் அடிபட்டவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான். மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. விபத்துக்கு ஒரு தேதி உண்டு, ஒரு காட்சி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு விரலை அசைக்கலாம். கூப்பிட்ட குரலுக்கு யாரும் வராத குழந்தைக்கு எந்தக் காட்சி? தாயிடமிருந்து பிரிக்கப்படும் குழந்தைக்கு நேரும் கேடு பற்றி ஜான் பௌல்பி 1951லேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தார். நடந்ததை விட நடக்காமல் போனதுதான் இங்கே காயம். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு விரலுக்கு முந்தைய கட்டம் நீள்கிறது. மனம் கலங்கினால் திரும்பி வர ஒரு பத்திரமான இடத்தைக் கற்பனையில் கட்டுவது, சிகிச்சையாளரை நம்பக் கற்றுக்கொள்வது ஆகியவற்றுக்கே மாதக்கணக்காகலாம். அமெரிக்காவின் லாரல் பார்னெல் 2013ல் எழுதிய புத்தகத்தில், காக்கும் தாயாகவும் துணையாகவும் உருவங்களைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார். இதற்கு ஆதாரம் மூல முறைக்கு உள்ள அளவு இல்லை. நம் ஊரில் பலருக்குக் கற்பனையே தேவைப்படாது. மடியில் போட்டுக்கொண்ட ஒரு பாட்டியோ அத்தையோ நினைவில் இருப்பார்.

இந்தியாவில் 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்து இங்குள்ளவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். தேவையோ பூகம்பத்தோடு முடிவதல்ல. மத்திய அரசு 2007ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தக் குழந்தைகள் இன்று பெரியவர்கள்.

அவர்களில் ஒருவர் துணிந்து ஒரு கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவர் யார்? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டியவர்கள் பலரிடம் அது இல்லை. விரலை அசைக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். அசைத்த பின் கிளம்பி வருவதைத் தாங்கிப் பிடிக்க அது போதாது. பாதியில் திறந்துவிட்ட நினைவோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் தூக்கமின்றித் தவிப்பார். பதிவு உண்டா, இந்த முறையில் எங்கே பயிற்சி, முதல் அமர்விலேயே விரலை நீட்டுவாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், கிளம்பி வந்துவிடலாம்.

யாரைப் பார்ப்பது என்றே தெரியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. போனில் யாரும் கண் அசைவு சிகிச்சை தரமாட்டார்கள். அடுத்து எங்கே போவது என்று சொல்வார்கள்.