சமாதானம் பேசுகிறவன் கோழையா?

2025 மே 10-ஆம் தேதி மாலை. இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்திக்கொண்டன என்ற செய்தி வந்தபோது, நண்பர் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வங்கியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். நிறையப் படிப்பவர். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அவர் சொன்னார்:

"அவசரப்பட்டு நிறுத்திவிட்டார்கள், சார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஒரேயடியாகக் கணக்குத் தீர்ந்திருக்கும்."

யாருடைய கணக்கு? அவருடைய மகளும் பேரனும் டில்லியில் இருக்கிறார்கள். அதை நினைவூட்டினேன். சிரித்துவிட்டு, "நம்மிடம் அணுகுண்டு இருக்கிறது என்று தெரிந்தபின் அவன் கிட்டே வருவானா? நீங்கள் கதை எழுதுகிறவர், இளகிய மனசு. சமாதானம் என்பதெல்லாம் கோழைகளின் பேச்சு" என்றார்.

அன்று நான் அவரோடு வாதாடவில்லை. அவர் மனைவி காப்பி கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி தட்டோடு வந்துகொண்டிருந்தாள். விட்டுவிட்டேன். ஆனால் அவரைப் போல் நினைக்கும் நல்லவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இப்போது வாதாடுகிறேன்.

குண்டு இருந்தால் சண்டை வராதாம். சரித்திரம் என்ன சொல்கிறது? 1998 மே மாதம் நாம் பொக்ரானில் வெடித்தோம். அதே மாதக் கடைசியில் அவர்கள் சாகாய் மலையில் வெடித்தார்கள். இரண்டு தேசங்களிலும் மிட்டாய் வழங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதமே கார்கில் வந்துவிட்டது! 2025 மே மாதம் நான்கு நாட்கள் விமானங்களும் ஏவுகணைகளும் எல்லையைத் தாண்டிப் பாய்ந்தன. இன்று இரு தரப்பிலும் ஏறத்தாழ 170, 180 அணுகுண்டுகள் இருப்பதாக நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். அத்தனை குண்டுகளும் ஒரு சண்டையையாவது தடுத்தனவா? தடுக்கவில்லை. ஒவ்வொரு சண்டையையும் முன்னைவிட ஆபத்தாக்கின, அவ்வளவுதான்.

சரி, குண்டு செய்யாததைப் பேச்சு செய்ததா என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது, சத்தம் போடாமல்.

1988 டிசம்பர் 31-ஆம் தேதி இஸ்லாமாபாதில் ராஜீவ் காந்தியும் பேனசீர் பூட்டோவும் முன்னிலையில் இருக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒருவருடைய அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்பது அதன் சாரம். அதன்படி ஆண்டுதோறும் சனவரி முதல் தேதி, தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை இருவரும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். 1992-இல் தொடங்கிய இந்த வழக்கம் கார்கிலுக்குப் பிறகும் நிற்கவில்லை. 2002 புத்தாண்டில், இரு படைகளும் எல்லையில் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றபோதும் நிற்கவில்லை. தூதர்களைத் திருப்பி அனுப்பினோம், ரயிலை நிறுத்தினோம், கிரிக்கெட்டைக்கூட நிறுத்தினோம். பட்டியல் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"எதிரியை நம்பி ஒப்பந்தமா? லாகூருக்கு வாஜ்பாய் பஸ்ஸில் போனார், கார்கில் வந்தது" என்று நண்பர் சொல்வார். உண்மைதான். 1999 பிப்ரவரியில் லாகூரில் கை குலுக்கியதற்குக் கிடைத்த பரிசு அது. அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். உயிர் நண்பனோடு யாராவது பத்திரம் எழுதிக்கொள்வார்களா? வரப்புக்காக வெட்டு குத்து வரை போன பங்காளியோடுதான் எழுதிக்கொள்வோம். நம்பிக்கை இல்லாத இடத்துக்குத்தான் பத்திரம். எங்கள் ஊரில் மூன்று தலைமுறை பேசாத பங்காளிகள் இருந்தார்கள். கோர்ட்டில் வழக்கு நடந்தது. வைக்கோற்போரில் தீயும் விழுந்தது. ஆனால் பொதுக்கிணற்றில் முறை வைத்துத்தான் நீர் இறைத்தார்கள். கிணற்றில் விஷம் கலக்க எவனும் நினைக்கவில்லை. அவர்கள் கோழைகள் அல்லர். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் தங்கள் பிள்ளைகளும் குடிக்கிறார்கள் என்று அறிந்தவர்கள்.

லாகூருக்கும் அமிருதசரசுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அணுத்தூசியைச் சுமந்து வரும் காற்று வாகாவில் நின்று விசா கேட்காது.

இனி, நான் உண்மையில் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் 9-ஆம் தேதி நம்முடைய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டு, பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊர் அருகே விழுந்தது. வெடிகுண்டு இல்லாத ஏவுகணை, உயிர்ச்சேதமும் இல்லை. தவறு நடந்துவிட்டது என்று நம் சர்க்கார் அறிக்கை வெளியிட்டது மார்ச் 11-ஆம் தேதி. பிறகு விசாரித்து விமானப்படை அதிகாரிகள் மூவரைப் பதவி நீக்கம் செய்தார்கள்.

அன்று இரு தேசங்களும் சண்டையில் இல்லை. அதனால் பிழைத்தோம். அதே ஏவுகணை 2025 மே 9-ஆம் தேதி இரவு தவறிப் போயிருந்தால்? தலைக்கு மேல் பறந்து வருவது தவறா, தாக்குதலா, அதன் வயிற்றில் இருப்பது என்ன என்று முடிவு செய்ய அங்கே இருப்பவருக்குச் சில நிமிஷங்கள்தான் கிடைத்திருக்கும். இங்கே இருப்பவருக்கும் அப்படியே. அந்தச் சில நிமிஷங்களில் நண்பர் மெச்சும் வீரம் யாருக்கு உதவும்? உடனே எடுக்கப்படும் ஒரு டெலிபோன்தான் உதவும்.

டெலிபோன் இருக்கிறது. மே 10-ஆம் தேதி சண்டை நின்றதும் இரு ராணுவ அதிகாரிகள் அதில் பேசித்தான். ஒப்பந்தமும் இருக்கிறது. கார்கிலுக்குப் பிறகு, 2005-இல் எழுதியது. ஏவுகணைச் சோதனைக்கு முன் ஒருவருக்கொருவர் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் அது வானில் உயரக் கிளம்பி விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே. மியான் சன்னுவில் விழுந்தது தாழப் பறக்கும் க்ரூஸ் வகை. அது அந்த ஒப்பந்தத்தில் இல்லை. தவறிப் போனால் இத்தனை நிமிஷத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. வேலியில் ஓட்டை எங்கே என்று ஏவுகணையே காட்டிக்கொடுத்துவிட்டது. அதை அடைத்தோமா? இல்லை, அடுத்த சண்டைக்குக் கைதட்டக் காத்திருக்கிறோம்.

குண்டுகளை நாளைக் காலையே கடலில் கொட்டு என்று நான் சொல்லவில்லை. நீ முதலில் கீழே வை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருவரும் காலமெல்லாம் நிற்பார்கள் என்று எனக்கும் தெரியும். அந்த நாள் வரும் வரை ஓட்டையை அடையுங்கள் என்கிறேன். க்ரூஸ் ஏவுகணையையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்; தவறு நடந்தால் உடனே சொல்ல விதி செய்யுங்கள்; சண்டை நடக்கும்போதும் பேசுவதை நிறுத்தாதீர்கள்.

இதைச் சொல்லக் கோழை வேண்டியதில்லை. எண்பது வயதைத் தாண்டிய ராஜாஜி 1962-இல் வாஷிங்டன் வரை போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் சொன்னார். அவரைக் கோழை என்று அவருடைய எதிரிகள்கூடச் சொன்னதில்லை.

போன வாரம் நண்பர் மீண்டும் வந்தார். பேரனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதாம்; விடுமுறைக்கு வருகிறானாம். ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று இரண்டு முறை விசாரித்துவிட்டேன் என்றார். அந்தக் குழந்தைக்காகத்தான் நான் பேசுகிறேன், ஐயா. அவன் டில்லியில் இருக்கிறான். அவனைப் போல் ஒருவன் லாகூரிலும் இருக்கிறான். அவனுக்கும் ஒரு தாத்தா இருப்பார்.