பிஞ்சு ஏன் உதிர்கிறது?



கொல்லைப்புறத்துப் பறங்கிக்கொடியில் பூவுக்கு அடியிலே உருண்டையாய்ப் பிஞ்சு தோன்றுகிறது. சில நாட்களில் மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. "யார் கண் பட்டதோ!" என்று அண்டை வீட்டாரை மனத்துள் குறை கூறுவோரும் உண்டு. அப்படி ஐயுறுமுன் அந்தப் பூவின் அமைப்பைச் சற்று நோக்குங்கள்.

பூவின் நடுவே அமைந்த பெண் உறுப்பு சூலகம். அதன் உச்சியிலுள்ள சூல்முடி மகரந்தத்தை ஏற்கிறது. அடியிலுள்ள சூற்பைக்குள் விதையாக வேண்டிய சூல்கள் அடங்கியுள்ளன. சூற்பையே பின்னர்க் காயாகிறது. இதழ்களும் மகரந்தத் தாள்களும் சூற்பைக்குக் கீழிருந்து கிளம்பினால் அது மேல்மட்டச் சூற்பை. சூற்பையின் தலைமீதிருந்து கிளம்பினால் அது கீழ்மட்டச் சூற்பை.

தாவரவியல் பயிலும் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. மேல்மட்டச் சூற்பையுடைய மலரை 'ஹைப்போகைனஸ்' என்பர். 'ஹைப்போ' என்றால் கிரேக்க மொழியில் 'கீழே' என்று பொருள். இது முரண்பாடு அன்று. முதற்பெயர் சூற்பையின் இடத்தைக் கூறுகிறது. மற்றது ஏனைய உறுப்புகளின் இடத்தைக் கூறுகிறது. அவ்வாறே கீழ்மட்டச் சூற்பையுடைய மலர் 'எபிகைனஸ்'. ரோஜாவைப் போலக் கிண்ண வடிவப் பூத்தளத்தினுள் சூற்பைகள் அமைந்து, விளிம்பிலிருந்து இதழ்கள் கிளம்பினால் 'பெரிகைனஸ்'.

1768 ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடிக்கு வந்து தாவரங்களை ஆராய்ந்த மருத்துவர் கோனிக், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் மாணவர். லின்னேயஸ் மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையை முதன்மையாகக் கொண்டு தாவரங்களை வகுத்தார். 1789 இல் பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்ஸியூ, அத்தாள்கள் சூலகத்தை நோக்க எங்கே நிற்கின்றன என்பதையும் வகைப்பாட்டுக்கு அடிப்படையாக்கினார்.

இதனைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். கத்தரிக்காயிலும் தக்காளியிலும் பச்சைப் புற இதழ்கள் காம்போடு ஒட்டியிருக்கின்றன. ஆகவே அவை மேல்மட்டம். கொய்யாவிலும் மாதுளையிலும் அவை காம்புக்கு எதிர்முனையில் முடிபோல் நிற்கின்றன. ஆகவே அவை கீழ்மட்டம். வாழையும் பறங்கியும் கீழ்மட்டமே.

இனி, உதிர்ந்த பிஞ்சுக்கு வருவோம். பூவின் கீழ் நாம் கண்டது காயே அன்று. மகரந்தத்துக்குக் காத்திருக்கும் சூற்பை. கீழ்மட்டத்தில் இருப்பதால் பூ விரியுமுன்பே அது பிஞ்சுபோல் தெரிகிறது. நம் வயல்களின் நெற்பூவில் ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாகவே இருப்பதால் அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. பறங்கியிலோ ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராத கொல்லையில் பெண் பூ வீணே வாடுகிறது. நாம் பயிரிடும் வாழையோ மகரந்தச் சேர்க்கை இன்றியே காய்க்கிறது.

நீர்க்குறையாலும் பழ ஈயாலும் பிஞ்சு உதிர்வதுண்டு. ஆயினும் முதலில் இதனைச் செய்து பாருங்கள்: காலையில் பூ மலர்ந்ததும், அடியில் பிஞ்சில்லாத ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் களைந்து, பெண் பூவின் சூல்முடியில் மென்மையாகத் தடவுங்கள். பீர்க்கு மாலையிலும் புடல் இரவிலும் மலர்வதால் அவற்றுக்கு அவ்வேளைகளே உரியவை.

காய் பிடித்தால், முதற்காயில் ஒரு பத்தையை அண்டை வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள். ஐயுற்ற மனத்துக்கு அதுவே பரிகாரம்.