ரெண்டாயிரம் அட்டைகளும் ஒரு செருப்பு டோக்கனும்

ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிற என் வயது ஆட்களிடம், எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எண்தான் பதிலாக வரும். இருநூறு நாள் ஸ்ட்ரீக், ரெண்டாயிரம் அட்டை. யாரிடமாவது பேசினீர்களா என்றால், ‘இன்னும் வொகாபுலரி முடியலங்க’ என்பார்கள். சொற்கள் என்பவை ஸ்பிரிண்டில் இழுத்துப்போட்டு மூடுகிற டிக்கெட்டுகள் என்கிற இந்த நம்பிக்கை எங்கள் தொழில் தந்த வியாதி. பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரி அட்டை, வேலைக்கான விசா தேர்வை நம்பித் தொங்குகிறது. அந்த ராத்திரிகள் வீணாவதுதான் என் கோபம்.

இந்தச் செயலிகளெல்லாம் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். ஹெர்மன் எபிங்ஹாஸ், ஜெர்மன்காரர். தன்னையே சோதனை எலியாக்கி, அர்த்தமற்ற அசைகளை உருப்போட்டு, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகமாகப் போட்டார். அதிலிருந்து வந்ததுதான் மறதிக் கோடு. இடைவெளி விட்டுப் படிக்கிற அட்டைப்பெட்டி முறையை 1972-ல் லைட்னர் பிரபலமாக்கினார். 2006-ல் அன்கி வந்தது. கோட்டை எல்லோரும் விளம்பரத்தில் போடுகிறார்கள். அதே புத்தகத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பைரனின் ‘டான் ஹுவான்’ கவிதையிலிருந்து சில பத்திகளையும் எபிங்ஹாஸ் மனப்பாடம் செய்து பார்த்தார். அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆனது. அர்த்தம் இருந்தது, சந்தம் இருந்தது, எதுகை இருந்தது.

அர்த்தம் குறுக்கே வரக்கூடாது என்றுதான் அவர் அந்த அசைகளைத் தேடித்தேடி உண்டாக்கினார். நாம் என்ன செய்கிறோம்? நல்ல அர்த்தமுள்ள சொல்லை எடுத்து, அது இருந்த வாக்கியத்தை உரித்து, சொன்ன ஆளையும் இடத்தையும் துடைத்துவிட்டு, வெறும் அசையாக்கி அட்டையில் ஒட்டுகிறோம். பிறகு ‘மறந்துபோகுது’ என்று புலம்பல். மறக்காமல் என்ன செய்யும்? ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை மாதிரி ஒன்று. மூன்று அட்டைகளாகப் பிரித்தால் மூன்று தலைவலி. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே ‘டேர் லோஃபெல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸெர்’ என்று ராகம்போட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே அடி.

எங்கள் ஊர் திருவண்ணாமலைக்கு இப்போது ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிற கூட்டம் சாதாரணமில்லை. ஓட்டல் பலகைகளில் தெலுங்கு ஏறிவிட்டது. கோயில் பக்கம் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற அம்மாக்களும், கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டரும் கடை விரித்திருப்பவர்களும் தெலுங்கு பேசுகிறார்கள். எந்த வகுப்புக்கும் போகவில்லை. தெலுங்கில் ‘எவ்வளவு’ என்பது நம் காதில் ‘எந்த’ என்றே விழும். எந்தப் பொருள் என்று கேட்கிறாராக்கும் என நினைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினால், அவர் ரூபாய் நோட்டை ஆட்டி ஆட்டி மறுபடி ‘எந்த’ என்பார். ஒருதரம் இப்படி அல்லாடினால் போதும், அந்தச் சொல் சாகும்வரை போகாது. ‘செப்புலு’ என்றால் செருப்பு என்பது, ஒரு குடும்பமே வெறுங்காலோடு டோக்கனைத் தொலைத்துவிட்டு எதிரில் நிற்கும்போது மனதில் ஏறுகிறது. இதை நம் ஆட்கள் ‘உடைஞ்ச தெலுங்கு’ என்று சிரிப்பார்கள். ரெண்டாயிரம் சொல் தெரிந்தும் வாய் திறக்காதவர் சிரிப்பது இது.

சரி, அந்த அம்மா தெலுங்குப் பேப்பர் படிப்பாரா என்று கேட்கலாம். மாட்டார். கடைத்தெருவில் கிடைப்பது கடைத்தெருச் சொற்கள்தான், தேர்வுக்கு அது போதாது. வாழ்க்கையில் எதிர்ப்படாத சொற்களை எப்படித் தக்கவைப்பது என்பது நியாயமான கேள்வி. அதற்கும் இங்கே பழைய விடை ஒன்று உண்டு. திண்ணைப் பள்ளியில் நிகண்டு படித்த பையனுக்கு அந்தச் செய்யுள் சொற்களில் பாதி அந்நிய மொழி மாதிரிதான், வீட்டில் யாரும் பேசாதவை. ஆனால் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு முழுக்க விருத்தத்தில் இருந்தது. பாடலாம். பன்னிரண்டு தொகுதிகள். பல பொருள் தரும் ஒரு சொற்களுக்கான பதினோராவது தொகுதியை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறார். அதாவது ரெண்டாம் எழுத்தை வைத்து இன்டெக்ஸ். முதல் எழுத்தை வைத்துத் தேடுவது தாளுக்கு வசதி. காதுக்கு எதுகைதான் வசதி. இன்றைக்கு யாராவது இப்படி ஒரு டேட்டாபேஸ் கட்டினால் மாநாட்டில் மேடை கொடுப்போம்.

‘மனப்பாடக் கல்வி’ என்று இதை இளக்காரமாகச் சொல்லிவிட்டு பஸ்ஸில் அட்டை தட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அதுவும் மனப்பாடம்தானே ஐயா, பாட்டைப் பிடுங்கிவிட்ட மனப்பாடம். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதில் எனக்குச் சண்டையே இல்லை, அந்தக் கணக்கு சரி. அட்டையில் தனிச்சொல் எதற்கு, ஒரு முழு வாக்கியத்தைப் போடு, முடிந்தால் பாட்டின் ஒரு அடியைப் போடு என்கிறேன்.

திருச்சுழியில் பிறந்து இங்கே வந்து தங்கிய ரமணர், 1947-ல், 67 வயதில், ‘ஏகாத்ம பஞ்சகம்’ எழுதினார். முதலில் தெலுங்கில், சூரி நாகம்மா கேட்டதற்காக. தமிழில் பிறகுதான். அந்தத் தெலுங்கு எந்த யாப்பில் தெரியுமா? வெண்பாவில்.