மூன்று கிலோவும் ஒரு மாவு டப்பாவும்

கையைத் தூக்கியது என் தப்புதான். சென்ற மாதம் புக்கிட் பாத்தோக்கில், எங்கள் புளோக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நலவாழ்வுக் கூட்டம். பேச வந்தவர், இங்கே தவறாமல் மெதுவோட்டம் போகிறவர் யார் என்று கேட்டார். தூக்கினேன். எத்தனை மாதமாக? பதினொன்று. எத்தனை கிலோ இறங்கியது? மூன்று என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான். மண்டபம் சிரித்துத் தீர்த்தது. அதற்குப்பின் நாற்பது நிமிடம் நான்தான் அவருக்கு உதாரணம்.

சிரிப்பு போகட்டும். ஐம்பத்திரண்டு வயதில் தொப்பையோடு ஓடுகிறவனுக்கு அது பழகிய சங்கதி. ஆனால் எங்கள் நடைக்குழுவில் ஆறு பேர் இருந்தோம். மறுவாரம் நான்கு பேர்தான் வந்தோம். வராத இருவரும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அதனால்தான் இந்த எதிர்வினை.

அவருடைய வாதத்தை அவர் சொன்னபடியே வைக்கிறேன். ஓட்டமும் நடையும் எடையைக் குறைப்பதில்லை. ஓடினால் பசிக்கும், பசித்தால் தின்போம். உடம்பு தந்திரசாலி, இந்தப் பக்கம் செலவழித்தால் அந்தப் பக்கம் மிச்சம் பிடிக்கும். ஆகவே பதினோரு மாதம் ஓடி மூன்று கிலோ குறைத்தவர் பதினோரு மாதத்தை வீணடித்தவர். ஊக்கம் வடிந்துபோகிறதே என்று ஒரு பெண்மணி கேட்டபோது, அது உங்கள் அறிவு வேலை செய்வதன் அறிகுறி, விட்டுவிடுங்கள் என்றார். கைதட்டல். வெளியே வந்தால் வாசலில் ஒரு மேசை, மேசை நிறைய மாவு டப்பா. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கலக்கிக் குடிக்க வேண்டுமாம்.

முதலில் கணக்குக்கு வருவோம். கணக்கை எடுத்தது அவர், பாதியில் விட்டதும் அவர்.

ஓடும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். தொடங்கியபோது நான் 78 கிலோ. தினம் 4 கிலோமீட்டர் என்றால் 312 கலோரி. வாரத்துக்கு ஐந்து நாள், 1,560. ஒரு கிலோ எடை இறங்கச் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பது 1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் போட்ட கணக்கிலிருந்து வந்து இன்றுவரை புழங்குவது. அப்படியானால் ஐந்து வாரத்துக்கு ஒரு கிலோ, பதினோரு மாதத்துக்கு ஒன்பதரைக் கிலோ. காகிதத்தில் வந்த ஒன்பதரை எங்கே, என் மூன்று எங்கே! இந்த இடத்தில்தான் அவர் நிறுத்தினார், மண்டபம் சிரித்தது.

காகிதத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கான்சஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. பருமனான இளைஞர்கள், எல்லாரும் 18 முதல் 30 வயதுக்குள். சாப்பாட்டில் யாரும் கைவைக்கவில்லை. ஒரு தடவைக்கு 400 கலோரி செலவாகும்படி, வாரம் ஐந்து நாள், பத்து மாதம், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கப் பயிற்சி. விஷ்னோஃப்ஸ்கி கணக்குப்படி பதினோரு கிலோ போயிருக்க வேண்டும். சராசரியாகப் போனது 3.9. தடவைக்கு 600 கலோரி செலவழித்தவர்களுக்கு 5.2. சும்மா இருந்தவர்களுக்கு அரைக் கிலோ ஏறியது.

இப்போது என்னைப் பாருங்கள். 312 கலோரி, ஐம்பத்திரண்டு வயது, மேற்பார்வைக்கு ஆள் கிடையாது, மூன்று கிலோ. இதில் எங்கே ஐயா தோல்வி? ஆய்வுக்கூடத்தில் இளைஞனுக்கு விழுந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறேன். இறங்க வேண்டிய வேகத்தில்தான் எடை இறங்கியிருக்கிறது. இந்த வேகத்தை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்றாம் மாதம் காலணியை மூலையில் எறிந்துவிட்டு ஒரு வாரம் படுத்திருக்க மாட்டேன். மனம் உடைவது மெதுவாகக் குறைவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஐந்து கிலோ என்று டப்பாமேல் அச்சடிக்கிறவர்கள் நம் தலைக்குள் எழுதிவைத்த எண்தான் உடைக்கிறது.

பசி பற்றி அவர் சொன்னது உண்மை. எனக்கே நடந்தது. முதல் இரண்டு மாதம் ஓடி முடித்ததும் நேரே காப்பிக்கடை, இரண்டு பரோட்டா, ஒரு தே தாரிக். ஓட்டம் அதில் மூழ்கிப்போனது, மேலே கொஞ்சம் கடனும் நின்றது. உடம்பு மிச்சம் பிடிக்கும் என்பதும் வெறும் கதையில்லை. தான்சானியாவின் ஹட்சா வேடர்களிடம் அளந்து ஹெர்மன் பான்ட்சர் குழு 2012-இல் எழுதியது அதைத்தான்: நாளெல்லாம் அலைகிற அந்த மக்களும், உடலளவைக் கணக்கில் எடுத்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அமெரிக்கர்கள் அளவுக்கே கலோரி செலவழிக்கிறார்கள். சரி. அப்படியானால் சோற்றைக் குறை, பரோட்டாவை விடு, ஓட்டத்தையும் விடாதே என்றல்லவா முடிக்க வேண்டும்? கூரை ஒழுகுகிறதென்று சுவரை இடிக்கச் சொல்வது எந்த ஊர்க் கொத்தனார் வேலை?

வாதமும் இரவல்தான். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் டைம் இதழ் இதையே அட்டைக்கதையாகப் போட்டது. 2015-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் மூன்று மருத்துவர்கள் ஒரு தலையங்கம் எழுதினார்கள்: கெட்ட சாப்பாட்டை ஓடி ஜெயிக்க முடியாது என்று. நம் பேச்சாளர் திரையில் காட்டியது அந்தத் தலைப்பைத்தான். தலைப்புக்குக் கீழே படித்தாரா என்பதுதான் என் சந்தேகம். இதயநோய், நீரிழிவு, மறதிநோய், சில புற்றுநோய்கள் ஆகியவற்றின் அபாயத்தை ஒழுங்கான உடற்பயிற்சி முப்பது விழுக்காடாவது குறைக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அந்தத் தலையங்கம் எடைக்கே வருகிறது. எழுதிய மூவரில் ஒருவர் டிம் நோக்ஸ், ஓட்டக்காரர்கள் வேதம்போல் வைத்திருக்கும் தடித்த புத்தகம் ஒன்றை 1985-இல் எழுதியவர், தாமே நெடுந்தொலைவு ஓடியவர். அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, ஓடாதே என்று சொல்லவைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி சென்னையில் இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-இல் வெளியானது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்குத் தினம் அரைமணி நேரமாவது நடை, சாப்பாட்டில் சில திருத்தங்கள். மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குள் விழுந்திருந்தார்கள். நடந்த பிரிவில் 39. மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது. இதில் நம் பேச்சாளர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நடந்தவர்களின் எடை குறையவில்லை, சொல்லும்படி எதுவுமே குறையவில்லை. அவர்களைக் கைதூக்கச் சொல்லி எத்தனை கிலோ என்று கேட்டிருந்தால் பூஜ்யம் என்றிருப்பார்கள். மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்திருக்கும்.

அது நடையா, சாப்பாடா என்று பிரித்துக் கேட்பவர்களுக்குச் சீனாவின் டாசிங் நகர ஆய்வு. 1986-இல் தொடங்கி ஆறாண்டு. உடற்பயிற்சி மட்டும் செய்த பிரிவில் நீரிழிவு அபாயம் 46 விழுக்காடு குறைந்தது.

இதை ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், சிங்கப்பூரின் 2010 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியரிடையே நீரிழிவு 17.2 விழுக்காடு. மலாய்க்காரர்களிடையே 16.6, சீனரிடையே 9.7. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுக்கும் வரிசையில் நின்று பாருங்கள், புள்ளிவிவரம் முகத்தோடு உட்கார்ந்திருக்கும். அந்த வரிசையிலிருந்து எழுந்து நடக்கப் போனவர்களைத்தான் அவர் திரும்ப உட்காரச் சொன்னார்.

எடைக்கருவியைத் தவிர அளக்க வேறொன்றும் இல்லையா? ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் லண்டன் பேருந்துக்காரர்களைப் பற்றி எழுதினார். அதே மாடிப் பேருந்து, அதே சாலை. உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு மாரடைப்பு அதிகம், நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கிறவருக்குக் குறைவு. தடித்தவருக்குத்தானே வரும் என்று சந்தேகப்பட்டு, நிறுவனம் கொடுத்த சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவு வரைக்கும் தேடிப் போனார்கள். ஓட்டுநர்களுக்கு இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியான ஓட்டுநரையும் அபாயம் விட்டுவைக்கவில்லை. காப்பாற்றியது அந்தப் படிக்கட்டு.

கால்சட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு முன் தேக்கா நிலையத்தின் மாடியில், தையல்காரரிடம் பழைய கால்சட்டை மூன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாடாவை இடுப்பில் சுற்றினார், சுண்ணக்கட்டியால் கோடு போட்டார், இடுப்பை ஒன்றரை அங்குலம் பிடிக்க வேண்டும் என்றார். மூன்று கிலோவுக்கு ஒன்றரை அங்குலம். அவர் சிரிக்கவில்லை. வயிற்றின் உள்ளே ஈரலைச் சுற்றிப் படிகிற கொழுப்பு, எடை அதிகம் அசையாதபோதும் ஓட்டத்தில் கரையும். ஆசிய ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற எல்லைக்கோடு சும்மா போட்டதில்லை.

என்னுடைய இன்னொரு அளவுகோல் எங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. லோரோங் செசுவாய் முனையிலிருந்து குன்றின்மேல் ஏறும் 120 படிகள். 1942-இல் ஜப்பானியர் தங்கள் போர்வீரர்களுக்கு நினைவுத்தூண் எழுப்ப, போர்க்கைதிகளை வைத்துக் கட்டிய படிகள். தூண் போய்விட்டது, உச்சியில் இப்போது ஒளிபரப்புக் கோபுரம். பட்டினி கிடந்தவர்கள் கட்டிய படிகளில் தின்றதைக் கரைக்க ஏறுகிறோம் என்ற கூச்சம் எனக்கு எப்போதும் உண்டு. மலாயில் பாத்தோக் என்றால் இருமல். குன்றைக் கல்லுக்காக வெடித்தபோது கேட்ட ஓசையால் வந்த பெயர் என்பார்கள், வேறு கதைகளும் உண்டு. முதல் மாதம் அங்கே இருமியது நான்தான். 120 படிக்குள் மூன்று இடத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். நான்காம் மாதம் ஒரு முறை. இப்போது நிற்பதில்லை, மேலே போய்ப் பேசவும் மூச்சு இருக்கிறது. அந்த நான்காம் மாதத்தில் எடைக்கருவி காட்டிய மாற்றம் முன்னூறு கிராம்.

தினமும் எடை பார்த்த பைத்தியம் எனக்கும் இருந்தது. ஞாயிறு பிரியாணி சாப்பிட்டால் திங்கள் ஒரு கிலோ கூடும். அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர், வியாழனுக்குள் போய்விடும். ஆனால் திங்கட்கிழமை மனசு போனது போனதுதான். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும். மற்ற நாள்களில் கருவி கட்டிலடியில் கிடக்கிறது. மழை பெய்தால் எம்ஆர்டி பக்கம் போகிற கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. மனம் வராத நாளில் பத்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவேன். பெரும்பாலும் அது நாற்பதாகும், சில நாள் பத்தோடு திரும்பியதும் உண்டு. எல்லாவற்றையும்விட, கீழே ஐந்து பேர் காத்திருப்பார்கள் என்ற எண்ணம்தான் காலணியை மாட்டவைக்கும். அந்த ஐவரில் இருவரைத்தான் பேச்சாளர் கழற்றிவிட்டார்.

விடாமல் ஓடுவது பிடிவாதமாம், அறிவில்லாமையாம். ஓடினால் மனவுறுதி இல்லாததால் இளைக்கவில்லை என்பார்கள், நின்றால் மனவுறுதி இல்லாததால் நின்றான் என்பார்கள். இந்தப் பூவா தலையாவில் நமக்கு எப்போதும் தோல்விதான், டப்பா விற்பவருக்கு எப்போதும் லாபந்தான்.

கடைசியாக ஒரு அற்பத்தனம், எழுதாமல் இருக்க முடியவில்லை. கூட்டம் நடந்தது இரண்டாம் மாடியில். பேச்சாளர் மின்தூக்கிக்கு ஏழு நிமிடம் காத்து நின்றார். படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது.

வராத இருவரில் ஒருவர் சென்ற வியாழன் திரும்பிவிட்டார். இன்னொருவர் எங்களில் மூத்தவர், பத்தாண்டாக நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் தமிழில் அச்சாகிற எதையும் விடாமல் படிப்பவர் என்பதால் இதை இங்கே எழுதுகிறேன். அக்கா, செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணி, படிக்கட்டின் அடியில். உங்களுக்காக நின்று நின்றே ஏறுவோம். அந்த டப்பாவை வாங்கியிருந்தால் பரவாயில்லை, வீட்டிலேயே இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தல் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.