காலுக்குக் காது சொல்லட்டும்



பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழகுகிறவர்களை மதுரைத் தெருக்களில் காலை நேரத்தில் பார்த்திருப்பீர்கள். "காலை நல்லா ஊன்றுங்கப்பா" என்று மகனோ மகளோ சொல்லிக்கொண்டே கூட வருவார்கள். அவரோ ஊன்றியதாகத்தான் நினைக்கிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டால், எடை முழுவதும் நல்ல காலிலேயே நிற்பது அவருக்குத் தெரிவதில்லை.

இதற்கு உதவுவதுதான் செருப்புக்குள் வைக்கும் சென்சார். குதிகாலில் போதிய எடை விழுந்தால் ஒலி எழும், விழாவிட்டால் எழாது. கால் சொல்லாததைக் காது கேட்டு மூளைக்குச் சொல்கிறது.

தாளம் நடைக்கு உதவும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். அமெரிக்காவில் மைக்கேல் தாவுட் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 6 வாரம் தாளத்தோடு பழகிய பக்கவாத நோயாளிகளுக்கு, தாளமின்றிப் பழகியவர்களைவிட நடை வேகமும் எட்டின் நீளமும் கூடின. ஆனால் எப்போது அடி வைப்பது என்றுதான் தாளம் சொல்லும். வைத்த அடி சரியா என்று சென்சார்தான் சொல்லும்.

பிள்ளை தப்பாக எழுதும்போதே திருத்தினால் மனதில் நிற்கும். காலாண்டுத் தேர்வுத் தாளில் சிவப்பு மையால் சுழித்தால் நிற்காது. ஆசிரியர்களுக்குத் தெரிந்த இந்த விதி நடைக்கும் பொருந்தும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அவர் அடுத்த முறை வரும்வரை திருத்துவது யார்? அந்த இடைவெளிக்குத்தான் இந்தக் கருவி வேண்டும் என்கிறேன். அவர் பையில் சில கருவிகள் இருந்தால், நூலகப் புத்தகம் போல வீடு வீடாக மாற்றிக் கொடுக்கலாம். நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019இல் கொண்டுவந்த சென்னை ஐஐடி போன்ற இடங்களுக்கு இதைக் குறைந்த விலையில் செய்வது பெரிய காரியமல்ல.

கவனமும் வேண்டும். எடை அளவை பிசியோதெரபிஸ்ட்தான் வைக்க வேண்டும். பழகும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நடை தேறத் தேற ஒலியைக் குறைக்க வேண்டும்; கோனார் நோட்ஸை விடாத மாணவன் கதையாகிவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் நடை பழகுகிறவர் இருந்தால், பிசியோதெரபிஸ்ட் வராத நாட்களில் என்ன சிரமம் என்று கீழே எழுதுங்கள். தொகுத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுவாகக் கொடுப்போம்.