நகரத்தில் வாழ்ந்தாலும் பழங்குடிதான்



கனடாவின் பழங்குடி மக்கள் குற்ற வழக்கில் சிக்கினால் 'இனச் சலுகை' கிடைக்கிறது என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1996-இல் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டப் பிரிவு 718.2(e), சிறைக்கு மாற்று வழி உண்டா என்று பார்க்கும்படியும், பழங்குடியினரின் சூழலைக் குறிப்பாகக் கவனிக்கும்படியும் நீதிபதியைப் பணிக்கிறது, அவ்வளவே. 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிளாடூ வழக்கையே பாருங்களேன். அதில் தண்டிக்கப்பட்ட க்ரீ இனப் பெண் நகரத்தில் வசித்ததால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று விசாரணை நீதிபதி கருதியிருந்தார். அது பிழை என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் அவருக்கு விதிக்கப்பட்ட மூன்றாண்டுத் தண்டனையைக் குறைக்கவில்லை! இதுவா சலுகை?

பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளியின் வடு, வளர்ப்பு இல்லங்களில் கழிந்த பிள்ளைப்பருவம், குடும்பத்தில் குடிப்பழக்கம் எல்லாம், தண்டனை விதிக்குமுன் நீதிபதிக்குத் தரப்படும் 'கிளாடூ அறிக்கை'யில் இடம்பெறும். இவற்றுக்கும் குற்றத்துக்கும் நேரடித் தொடர்பை நிரூபிக்க வேண்டியதில்லை, கடுங்குற்றங்களிலும் இச்சூழலைப் பார்க்க வேண்டும் என 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் இபீலி தீர்ப்பு தெளிவாக்கியது. ஜாமீனிலும் இச்சூழலைக் கருத வேண்டும் என்பது 2019 முதல் சட்டம்.

டொரான்டோவில் 2001 முதல் பழங்குடியினரின் வழக்குகளை இப்படி விசாரிப்பதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. இருந்தும், மக்கள்தொகையில் சுமார் 5 விழுக்காடே உள்ள பழங்குடியினர், கூட்டாட்சிச் சிறைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

— ஒரு வாசகர்