10 யானைகள் உயிரைப் பறித்த வரகு: புல்லுக்குள் வாழும் பூஞ்சை ஆபத்தானதா?

மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 2024 அக்டோபர் இறுதியில், மூன்றே நாளில் 10 காட்டு யானைகள் இறந்தன. யாராவது விஷம் வைத்தார்களா என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையில் பூச்சிமருந்து எதுவும் சிக்கவில்லை. கிடைத்தது, சைக்ளோபியசோனிக் அமிலம். யானைகள் ஏராளமாக மேய்ந்த வரகில் வளர்ந்த பூஞ்சை உண்டாக்கிய நச்சு இது.

மதுரை வில்லாபுரத்தில் மளிகைக் கடையில் வரகரிசி வாங்குபவருக்கும், பேரையூர் பக்கம் மானாவாரியில் சிறுதானியம் போடுபவருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: அப்போ வரகு வேண்டாமா?

புல்லுக்குள் பூஞ்சையா?

நெல், கரும்பு, வரகு எல்லாமே புல் குடும்பம்தான். புற்களின் இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும் பூஞ்சைகள் சத்தமில்லாமல் குடியிருப்பது சகஜம். குளிர்நாட்டுப் புற்களில் வாழும் எபிக்ளோ என்ற பூஞ்சை இதற்கு நல்ல உதாரணம். இலையில் புள்ளி, வாட்டம் எதுவும் தெரியாது. புல் அதற்கு உணவு தருகிறது. பூச்சியை விரட்டும் வேதிப்பொருளைப் பூஞ்சை தருகிறது. விதை வழியாக அடுத்த தலைமுறைப் புல்லுக்கும் போய்விடுகிறது.

புல்லுக்கு நல்லது, மாட்டுக்கு?

இங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் 1940-களில் டால் ஃபெஸ்க்யூ என்ற தீவனப்புல் பரவலாகப் பயிரிடப்பட்டது. புல் செழித்தது, அதை மேய்ந்த மாடுகளோ எடை குறைந்தன, சிலவற்றுக்குக் குளம்பே கழன்றது. புல்லுக்குள் இருந்த பூஞ்சைதான் காரணம் என்ற தடயம் 1977-ல் கிடைத்தது. அதற்காகப் புல்லை ஒழிக்கவில்லை. மாட்டைப் பாதிக்கும் நச்சைச் சுரக்காத எபிக்ளோ வகைகளைத் தேடிப்பிடித்து, புல்லுக்குள் குடியேற்றினார்கள்.

வரகில் என்ன வித்தியாசம்?

வரகில் நச்சு உண்டாக்குபவை எபிக்ளோ அல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைப் பூஞ்சைகள். கதிர் முற்றும்போதோ அறுவடையின்போதோ மழை பெய்து தானியம் ஈரமானால் இவை பெருகும். மயக்கம் தரும் வரகுக்கு வட இந்தியக் கிராமங்களில் தனிப் பெயரே உண்டு. அதாவது, குற்றவாளி வரகு அல்ல. ஈரத்தில் பெருகிய பூஞ்சைதான்.

என்ன செய்யலாம்?

• அறுத்த வரகை நன்றாகக் காயவைத்து, ஈரம் படாத இடத்தில் சேமிக்க வேண்டும்.

• பூசணம் பிடித்த, நிறம் மாறிய, முடைநாற்றம் வீசும் தானியத்தைச் சாப்பிடக் கூடாது. பூஞ்சை நச்சு பலவும் சமைத்தாலும் போகாது.

• ‘நமக்கு ஆகாது, மாட்டுக்குப் போடலாம்’ என்பதும் தப்பு.

செடி பச்சைப்பசேல் என்று இருந்தால் அது செடிக்கு நல்ல செய்தி, அவ்வளவுதான். சாப்பிடுபவருக்கான பாதுகாப்பு களத்துமேட்டிலும் சேமிப்பு மூட்டையிலும்தான் இருக்கிறது.